கௌபாய் துப்பாக்கிச் சுடுதல்: நேரக் கணக்கும் தண்டனை விதிகளும்

கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங் என்பது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் புழங்கிய துப்பாக்கி வகைகளைக் கொண்டு, நேரத்தோடு போட்டியிட்டுச் சுடும் விளையாட்டு. 1980-களில் கலிஃபோர்னியாவில் தொடங்கி, 1987-இல் உருவான சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டியின் விதிப்புத்தகத்தால் நிலைபெற்றது. போட்டியாளர் அந்தக் கால உடை அணிந்து, தனக்கென ஒரு புனைபெயரும் வைத்துக்கொள்கிறார். இரண்டு ரிவால்வர், ஒரு லீவர் ரைஃபிள், ஒரு ஷாட்கன் என நான்கு துப்பாக்கிகள் அவருக்கு வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இரும்புத் தகடுகளை எந்த வரிசையில் சுட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். குறைந்த நேரத்தில் முடிப்பவரே வெல்கிறார். வேடிக்கை விளையாட்டாகத் தோன்றும் இதில் உண்மையில் கவனிக்க வேண்டியது தண்டனை விதிகளைத்தான். எந்தத் தவறுக்கு விலை வைக்கலாம், எதற்கு வைக்கவே கூடாது என்ற கேள்விக்கு அவை தெளிவான விடை தருகின்றன.

இதன் கணக்கை முதலில் நமக்குப் பழகிய துப்பாக்கிப் போட்டியோடு ஒப்பிடலாம். கடலூர் மாவட்டத்தில் துப்பாக்கிச் சுடுதல் என்றதும் நினைவுக்கு வருபவர் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன். அவருடைய 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஒரு குண்டின் உச்ச மதிப்பு 10.9. தகுதிச் சுற்றில் 60 குண்டுகள். 2023-இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் 252.2 புள்ளி எடுத்து அவர் தங்கம் வென்றபோது, இரண்டாம் இடத்துக்கும் அவருக்கும் இடைவெளி 0.3 மட்டுமே. அங்கே துல்லியம்தான் எல்லாம். ஒதுக்கிய நேரத்துக்குள் முடித்தால் போதும், வேகத்துக்குத் தனிப் பலன் இல்லை. கௌபாய் போட்டியில் கணக்கு தலைகீழ். தகட்டின் நடுவில் பட்டாலும் ஓரத்தில் பட்டாலும் ஒன்றுதான். பட்டதா இல்லையா என்பதே கேள்வி. படாத ஒவ்வொரு குண்டுக்கும் 5 நொடி கூடும்.

இந்த 5 நொடி சாதாரணமானதல்ல. 24 குண்டுகள் கொண்ட ஒரு சுற்றை ஒருவர் 22 நொடியில் முடித்து இரண்டு தகடுகளைத் தவறவிட்டால் அவர் கணக்கு 32. பதறாமல் 30 நொடியில் எல்லாத் தகடுகளையும் அடித்தவர் அவரை முந்திவிடுகிறார். வரிசை மாறிச் சுட்டால் 10 நொடி, அதாவது தவறவிட்ட இரண்டு குண்டுகளின் விலை. இலக்கு தவறுவது கையின் பிழை. சொன்ன வரிசையை மறப்பது கவனத்தின் பிழை. அதனால்தான் பின்னதற்கு விலை அதிகம். ஆனால் குண்டு இலக்கில் படாததையே காரணம் காட்டி வரிசைத் தவறு என்றும் எழுதக் கூடாது. ஒரே தவறுக்கு இரட்டைத் தண்டனை இல்லை.

விலை வைத்தால் விலை கொடுத்துத் தப்பிக்கும் எண்ணமும் வரும். ஷாட்கனில் தோட்டா போடத் தடுமாறும் ஒருவர், இரண்டு தகடுகளைச் சுடாமலே விட்டு 10 நொடி ஏற்றுக்கொள்வது லாபம் என்று கணக்குப் போடலாம். இதை விதி முன்பே யோசித்திருக்கிறது. வேண்டுமென்றே குறுக்குவழி எடுப்பது விளையாட்டின் உணர்வுக்கு எதிரானது என்று 30 நொடி கூட்டுகிறார்கள். அந்தத் தொகையில் லாபக் கணக்கு அடிபட்டுப் போகிறது.

அதே கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் மெருகில் புள்ளி விழுந்த பொம்மையை விலை குறைத்து விற்கலாம்; விரிசல் கண்ட ஃபியூஸ் கேரியரை (மின் ஃபியூஸ் தாங்கியை) எந்த விலைக்கும் விற்க முடியாது. பெரிய பாதுகாப்புத் தவறுகளை இந்த விளையாட்டு அந்த விரிசலாகவே பார்க்கிறது. சிறியவற்றுக்கு 10 நொடியோடு போகும். துப்பாக்கிக் குழல் இலக்குகளை நோக்கிய 170 பாகை எல்லையைத் தாண்டினால் அந்தச் சுற்றே போய்விடும். காலித் துப்பாக்கி கை நழுவி விழுந்தாலும் அதே கதி. குண்டு நிரம்பியது விழுந்தால் போட்டியிலிருந்தே வெளியேற்றம். ஆறு அறை கொண்ட ரிவால்வரில் ஐந்து குண்டு மட்டுமே போட்டு, ஹேமரைக் காலி அறையின் மேல் இறக்கி வைக்க வேண்டும் என்பதும் கட்டாயம். பழைய அமைப்பில் ஹேமரின் முனை நேராகத் தோட்டாவின் மேல் உட்காரும். துப்பாக்கி தரையில் விழும் அதிர்ச்சியே அதை வெடிக்கச் செய்யப் போதும்.

யாருக்கும் அடிபடவில்லையே, காலித் துப்பாக்கி விழுந்ததற்கு இத்தனை கடுமை ஏன் என்று கேட்பவர் உண்டு. விளைவைப் பார்த்துத் தண்டித்தால் தண்டனை அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிவிடும். விதி பார்ப்பது துப்பாக்கியின் நிலையையும் அது நீட்டிய திசையையும். அவை சுடுபவரின் கையில் இருப்பவை. என் பார்வையில் இந்த விதிப்புத்தகத்தின் மிக நேர்மையான பகுதி இதுவே.

மனிதக் கண்ணையும் காதையும் நம்பி எண்ணுவது சரியா என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். ஏர் ரைஃபிளில் மின்னணு இலக்கு பத்தில் ஒரு புள்ளி வரை அளக்கிறது. இங்கே மூன்று பேர் நின்று எண்ணுகிறார்கள். ஆனால் அளக்க வேண்டியதும் வேறு. ரிவால்வருக்கான பெரிய தகடுகள் பெரும்பாலும் 7 முதல் 10 கெஜத்துக்குள் நிற்கின்றன; பட்டால் ஓசை எழுகிறது. மூவரில் இருவர் சொல்வது ஏற்கப்படுகிறது, ஐயம் இருந்தால் சுட்டவர் பக்கமே தீர்ப்பு. தவறாகத் தண்டிப்பதைவிடத் தவறாக விட்டுவிடுவது மேல் என்று விதி தேர்ந்திருக்கிறது. 5 நொடி இத்தனை கனமாக இருக்கும்போது அந்தத் தேர்வு நியாயமானது. பாதுகாப்பில் மட்டும் அந்தத் தாராளத்துக்கு இடம் குறைவு.

விலை வைக்கும் தவறு, வைக்காத தவறு என்ற இதே பிரிவினையைச் சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனமும் அட்டைகளால் செய்கிறது: மஞ்சள் எச்சரிக்கை, பச்சை புள்ளிக் குறைப்பு, சிவப்பு வெளியேற்றம். அங்கே பாதுகாப்பு மீறல் நேராகச் சிவப்புக்கே போகலாம். இரண்டு விளையாட்டுகளும் வேகத்தையும் துல்லியத்தையும் எதிரெதிராக மதித்தாலும் இந்த ஓர் இடத்தில் ஒத்துப்போகின்றன.

இந்தியாவில் இந்தப் போட்டி வேரூன்றாததற்கு விதிகள் காரணமல்ல. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தம், உரிமம் பெற்றவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. விளையாட்டு வீரர்களுக்குத் தனி விலக்கு உண்டு என்றாலும் அது தகுதி பெற்றவர்களுக்கே. ஒருவருக்கு நான்கு துப்பாக்கி கேட்கும் விளையாட்டை ஆரம்பநிலையில் இருப்பவர் இங்கே தொடங்க வழியில்லை. அதனால்தான் கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு எட்டுவது ஏர் ரைஃபிளே.