சாம்பிராணி தந்த பெயர்

பெட்ரோல் நிலையத்தில் நம் நாசியைத் தாக்கும் மணத்தில் ஒரு சிறு பங்கு பென்சீனுக்கு உரியது. கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த அத்திரவத்தின் பெயர், நம் இல்லங்களில் புகையும் சாம்பிராணியிலிருந்து பிறந்தது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

சுமத்ராவிலிருந்து வந்த அந்தப் பிசினை அராபிய வணிகர் 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாவின் குங்கிலியம், என்று அழைத்தனர். ஐரோப்பியர் நாவில் அச்சொல் சிதைந்து 'பென்சாயின்' ஆயிற்று. அப்பிசினில் கிடைக்கும் அமிலத்தை 1833ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் மிட்ஷர்லிக் சுண்ணாம்புடன் கலந்து காய்ச்சி வடித்தார். கிடைத்த திரவத்துக்கு 'பென்சின்' என்று பெயரிட்டார். ஆயினும், அதனை முதலில் பிரித்தெடுத்த பெருமை 1825இல் மைக்கேல் பாரடேயைச் சேர்ந்தது. விளக்கெரிக்கும் வாயுவை அழுத்தி அடைத்த கலங்களின் அடியில் தேங்கிய எண்ணெய்ப் பசையில் அவர் அதனைக் கண்டார்.

அறிவுலகின் அரும்பொருளாக இருந்த இதனை ஆலைப் பொருளாக்கியவர் சார்லஸ் மான்ஸ்பீல்டு என்னும் ஆங்கில இளைஞர். எறியப்பட்டு வந்த நிலக்கரித் தாரிலிருந்து இதனை மிகுதியாக வடிக்க அவர் வழி கண்டார். 1855 பிப்ரவரியில், பாரிஸ் கண்காட்சிக்கென லண்டனில் இதனை வடித்துக்கொண்டிருந்தபோது கலம் பொங்கித் தீப்பற்றியது. கட்டடத்தைக் காக்க எண்ணி, எரியும் கலத்தையே அவர் தெருவுக்குத் தூக்கிச் சென்றார். ஒன்பது நாள் கழித்து மருத்துவமனையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 35. பென்சீன் 80 பாகை சென்டிகிரேடில் கொதிப்பது. ஆனால் உறைநிலைக்குக் கீழே 11 பாகையிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை விடுவது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானதாதலால் தரையோடு தவழ்ந்து, தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டிவிடும்.

கொழுப்பையும் ரப்பரையும் எளிதில் கரைக்கும் இத்திரவத்தைச் சாயம், பசை, துணி வெளுப்பு எனப் பல தொழில்கள் வரவேற்றன. காப்பிப் பிரியர்களான நம்மவர் அறியவேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியின் ரோசேலியுஸ் காப்பிக்கொட்டையிலிருந்து காபீனை நீக்கப் பயன்படுத்தியது இதே பென்சீன்தான்!

தீயினும் கொடியது இதன் ஓசையற்ற நஞ்சு. 1897இல் சுவீடனின் உப்சாலா நகரில், சைக்கிள் டயர் ஆலையில் உழைத்த இளம்பெண்கள் நோயுற்றதையும், அவர்களுள் நால்வர் மாண்டதையும் சாண்டெசன் என்னும் மருத்துவர் எழுதினார். எலும்பு மச்சையில் குருதி உண்டாகும் இடத்தையே இது அழிக்கிறது. எனினும் உலகம் விழிக்கவில்லை. இஸ்தான்புல்லில் காற்றோட்டமற்ற சிறு கூடங்களில் பசை தடவிய செருப்புத் தொழிலாளரிடையே, குருதிப் புற்றுநோய் கண்டோர் 26 பேரின் விவரத்தை டாக்டர் முசாபர் அக்சோய் 1974இல் வெளியிட்டார். பசையில் பென்சீன் ஒழிக்கப்பட்ட பின்னரே அத்தொழிலாளரிடையே நோய் தணிந்தது.

1971இல் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் பென்சீனுக்கெனத் தனி உடன்படிக்கை வகுத்தது. தீங்கு குறைந்த மாற்றுப் பொருள் உள்ளவிடத்து அதனையே கொள்க என்பது அதன் முதன்மை விதி. பல பணிகளில் இன்று டொலுவீன் அவ்விடத்தைப் பெற்றுள்ளது. நம் நாட்டுப் பெட்ரோலில் பென்சீன் நூற்றுக்கு 1 பங்குக்கு மேல் இருத்தலாகாது. ஜாம்ஷெட்பூர், பிலாய் போன்ற எஃகு நகரங்களில் கல்கரி அடுப்புகளின் வாயுவோடு இது உடன்பிறக்கிறது. அங்கே பணியாற்றும் அன்பர்கள், கையில் படிந்த எண்ணெய்ப் பசையைக் கழுவ இத்தகைய திரவங்களை நாடாமல் சோப்பையும் நீரையுமே நாடுவார்களாக. தோல் வழியாகவும் இது உடலுட் புகும்.