எண்ணிக்கை அல்ல, பெயர்

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கூவத்தோடு கடலை நோக்கிப் போனால், நேப்பியர் பாலத்தருகே போர் நினைவுச் சின்னம். முதல் உலகப் போர் வெற்றிக்காகக் கட்டியது. அடிக்கடி அதைக் கடக்கிறோம். அந்தப் போரில் மாண்ட நம் ஆட்களின் பெயர்கள் எங்கே?

இங்கிலாந்தில் சிறு கிராமத்துத் தேவாலய முற்றத்திலும் இறந்தவர் பெயர் பொறித்த கல் நிற்கிறது. இந்தியக் கிராமங்களில் பதித்த கல்லிலோ எண்ணிக்கைதான்: இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், பெயரால் நினைவுகூரப்படவில்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டது.

பெயர் இருந்தால் என்ன ஆகும்? பீமா கோரேகானைப் பாருங்கள். 1818 ஜனவரி 1 போரில் இறந்த கம்பெனிப் படையினர் 49 பேரின் பெயர்கள் அந்தத் தூணில் உள்ளன. அதில் 22 பேர் மகர்கள். 'நாக்' என்று முடியும் பெயர்களே அதற்குச் சான்று. அதே வெள்ளை ஆட்சி 1890களில் 'போர்க்குணமற்ற சாதி' என்று மகர்களுக்குப் படைக் கதவை மூடியது. 1927 ஜனவரி 1இல் அம்பேத்கர் அந்தத் தூணின் முன் போய் நின்றார். அந்தப் பொய்க்குக் கல்லே பதில்.

தோழர்களே, நாம் கம்பெனியின் வெற்றியைக் கொண்டாடவில்லை. அழிக்கப்பட்ட பெயர்களைக் கேட்கிறோம். உங்கள் சேரியிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர் யார்? பாட்டியிடம் கேளுங்கள், இன்றே எழுதி வையுங்கள்.