மக்கட்பெருக்கமும் ஓர் ஒப்பந்தமும்

இஸ்ரவேலர் பலுகிப் பெருகியது கண்டு பார்வோன் அஞ்சிய வரலாற்றை யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோம். குடியேறியோரின் தொகை அரசியற் பிரச்சினையாவது புதிதன்று. தடிக்காரன்கோணத்துக்கு மேலே, கீரிப்பாறை ரப்பர்த் தோட்டங்களில் வாழ்வோரிடையே ஊழியம் செய்யச் செல்லும் நம் மாணவர்கள், அம்மக்கள் அங்கு வந்த வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்களைத் திறந்தபோது, தமிழ்நாட்டினின்றும் ஏழைகள் திரள்திரளாகக் கடல் கடந்தனர். தென் திருவிதாங்கூரினின்றும் பலர் சென்றனர். லண்டன் மிஷன் சபையாரும் அவர்களுள் இருந்தனர். தோட்டத் தொழிலாளரிடையே 1854இல் தொடங்கிய ஊழியத்துக்குத் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்றே பெயரிட்டனர். (அப்பெயர் அக்காலத்தில் எவர் செவிக்கும் உறுத்தவில்லை போலும்.) காப்பி நோயால் அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டியிருந்தமையால், வந்தோர் நிலைத்துத் தங்கினர். அவர்தம் பிள்ளைகள் அம்மண்ணிலேயே பிறந்தனர்.

தோட்டங்கள் பெருகியதால் கண்டிச் சிங்களக் குடியானவர் நிலமின்றி வாடியது உண்மை. அவர்களது அச்சத்தை வெறும் வெறுப்பென்று நாம் தள்ளிவிட மாட்டோம். ஆயினும் நிலத்தை எடுத்தவர் தொழிலாளர் அல்லர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற்றது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அவர்கள் இலங்கையின் பொறுப்பே என்று நேரு கொண்டிருந்தார். அவர் மறைந்த ஐந்து மாதங்களில், 1964 அக்டோபர் 30 அன்று, சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தனர்.

நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கினர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியின் அரசும் இலங்கை அரசும் சரிபாதியாகப் பங்கிட்டன. இதில் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ‘இயற்கைப் பெருக்கம்’ பற்றிய விதியே. இனிப் பிறக்கும் குழந்தைகளும் அவரவர் பெற்றோரின் பங்கோடு சேர்த்துக் கணக்கிடப்படுவர் என்பது அதன் கருத்து. பிறவாத பிள்ளையின் நாடு எதுவென்பதை இரு தலைநகரங்கள் முன்னரே தீர்த்துவைத்தன. தொண்டமான் முதலிய மலைநாட்டுத் தலைவர்களின் இசைவு கேட்கப்படவில்லை. மக்களின் விருப்பமோ வேறாயிருந்தது: விண்ணப்பங்கள் பெறப்பட்டபோது, இந்தியாவைக் கேட்டோர் அதன் பங்கினும் குறைவு, இலங்கையைக் கேட்டோர் அதன் பங்கினும் மிக அதிகம்.

மன்னார்க் கடலைக் கப்பலில் கடந்து, மண்டபம் முகாமில் தங்கி, அவர்கள் நீலகிரி முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். நம் மாவட்டத்தில் வனத்துறை வளர்த்த ரப்பர்த் தோட்டங்களிலும் குடியமர்த்தப்பட்டனர். அத்தோட்டங்களை நடத்த அரசு ரப்பர்க் கழகம் 1984இல் நிறுவப்பட்டது. கொழுந்து பறித்த கைகள் பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்கக் கற்றன. ஊராருக்கோ அவர்கள் ‘சிலோன்காரர்’. இலங்கையில் அவர்கள் ‘இந்தியர்’ என்றே அழைக்கப்பட்டிருந்தனர்.

அதே 1984இல் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமை பெற்றும் கடல் கடக்க இயலாதோர் மலைநாட்டிலேயே தங்கினர். அவர்களுக்கு 2003இல் இலங்கை தன் குடியுரிமையை வழங்கியது. 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் தோணிகளில் தப்பி வந்தோருள் மலைநாட்டுத் தமிழரும் உண்டு. அவர்கள் அகதிகளாகப் பதியப்பட்டனர். 2019இல் இந்தியா திருத்திய குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளைக் குறிப்பிட்டது. இலங்கை அதில் இடம்பெறவில்லை.