டி டிரைவ் வந்த வழி

டெஸ்க்டாப் கேபினட்டின் பக்கத்து மூடியைக் கழற்றி, காலியாக இருக்கும் இடத்தில் இன்னொரு ஹார்ட் டிஸ்கைச் செருகி, நாலு ஸ்க்ரூ முடுக்கி, இரண்டு கேபிள் மாட்டினால் வேலை முடிந்தது. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யத் தெரிந்தவர்களுக்கு இது டீ ஆறுவதற்குள் ஆகிற காரியம். ஆனால் அந்தக் காலி இடத்தின் அகலம், கேபிளின் அமைப்பு, டிஸ்குக்குக் கிடைக்கும் எழுத்து என்று ஒவ்வொன்றும் யாரோ, எப்போதோ, வேறு எதற்காகவோ எடுத்த முடிவு. இப்படிச் சேர்க்கப்பட்ட முதல் ‘இரண்டாவது டிஸ்கை’த் தூக்கி வைக்க ஆள்பலம் போதவில்லை, இயந்திரமே வேண்டியிருந்தது.

1956 செப்டம்பரில் ஐபிஎம் 305 ராமாக் என்ற கம்ப்யூட்டரை அறிவித்தது. அதோடு வந்த 350 டிஸ்க் யூனிட்தான் விற்பனைக்கு வந்த முதல் ஹார்ட் டிஸ்க். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை, 50 லட்சம் எழுத்துகள் கொள்ளளவு. இன்றைய செல்போனில் எடுத்த ஒரு படம் அதற்குள் அடங்கினால் அதிர்ஷ்டம். சான் ஹோசேயில் இதை உருவாக்கிய குழுவின் தலைவர் ரெனால்டு ஜான்சன் முன்னாள் பள்ளி ஆசிரியர். தேர்வுத் தாள் திருத்தும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் வழியாக ஐபிஎம்முக்குள் வந்தவர். தட்டுகளில் காந்தப் பூச்சைச் சீராகப் பரப்ப அவருடைய ஆட்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும். பூச்சை மெல்லிய காலுறையில் வடிகட்டிக் காகிதக் கோப்பையில் எடுத்து, சுழலும் தட்டின் நடுப்பக்கமாக ஊற்றினார்கள். சுழற்சியே அதை விளிம்புவரை இழுத்துப் பரப்பிவிட்டது.

இடம் போதவில்லை என்ற குரல் சீக்கிரமே எழுந்தது. 1958இல் ராமாக்கோடு இன்னொரு 350 யூனிட்டையும் சேர்த்துக்கொள்ள ஐபிஎம் வழிசெய்தது. ஐந்தடி நீளமுள்ள பெட்டி ஒன்றுக்கு இரண்டாயிற்று. இன்று நாம் செய்கிற வேலையின் மூதாதை அதுதான்.

அடுத்த பெரிய திருப்பத்திலும் இரண்டு என்ற எண் வருகிறது. 1973இல் வந்த ஐபிஎம் 3340 முதலில் 30 எம்பி டிஸ்க் இரண்டு கொண்டதாகத் திட்டமிடப்பட்டது. 30-30 என்றதும் திட்டத் தலைவர் கென் ஹாட்டனுக்கு அதே எண் கொண்ட வின்செஸ்டர் துப்பாக்கி நினைவுக்கு வர, அதையே திட்டத்தின் பெயராக்கினார். கடைசியில் கொள்ளளவுகள் மாறிவிட்டன, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தட்டையும் அதில் எழுதிப் படிக்கும் தலையையும் ஒரே மூடிய பெட்டிக்குள் அடைத்துவைக்கும் அந்த முறை இன்றுவரை தொடர்கிறது.

இனி கதை ஆலன் ஷூகார்ட் பக்கம் போகிறது. ராமாக்கில் வேலை பார்த்தவர், ஐபிஎம்மை விட்டு மெமோரெக்ஸுக்குப் போனவர், 1973இல் தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கி அடுத்த ஆண்டே அதிலிருந்து வெளியேறியவர். அவர் இல்லாத அந்தக் கம்பெனி 1976இல் ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி டிரைவைக் கொண்டுவந்தது. வாங் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியோடு பேசப்போன இடத்தில், பாஸ்டன் மதுக்கூடம் ஒன்றின் மேஜையில் கிடந்த காகித நாப்கினைக் காட்டி இந்த அளவு போதும் என்று முடிவு செய்ததாக ஒரு கதை உண்டு. எப்படியோ அந்த அளவு உலகத்துக்கே அளவாகிவிட்டது.

ஷூகார்ட் சாண்டா குரூஸ் பக்கம் மீன்பிடிப் படகு வாங்கி, மதுக்கடை நடத்திக் கொஞ்ச காலம் ஓட்டினார். 1979இல் ஃபினிஸ் கானரோடு சேர்ந்து மறுபடி களமிறங்கினார். இந்த முறை தன் பெயரையே வைக்க முடியாமல் போய், கம்பெனி சீகேட் ஆனது. 1980இல் அவர்கள் விற்ற எஸ்டி-506 வெறும் 5 எம்பி டிஸ்க். அதன் உடல் அளவு அச்சு அசலாக அந்த ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி டிரைவின் அளவு. மின்சாரமும் அதே 5 வோல்ட், 12 வோல்ட். தான் விட்டு வந்த கம்பெனி உலகெங்கும் உண்டாக்கி வைத்திருந்த இடத்துக்குள் தன் புதிய சரக்கை நுழைத்தார் ஷூகார்ட். கேபினட்டில் ஹார்ட் டிஸ்க் குடியிருக்கும் வீடு ஃப்ளாப்பிக்காகக் கட்டிய வீடு.

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஒன்றை மாட்டலாம் என்றால் அதற்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் 63.5 வாட்தான், சக்தி போதாது. 1983 மார்ச்சில் வந்த எக்ஸ்டி மாடலில் 130 வாட்டும் 10 எம்பி சீகேட் டிஸ்கும் இருந்தன. முன்பக்கம் இரண்டே இடம், ஒன்றில் ஃப்ளாப்பி, ஒன்றில் ஹார்ட் டிஸ்க். டிஸ்கை இயக்கும் கன்ட்ரோலர் கார்டு இரண்டு டிஸ்கை ஏற்கத் தயாராக இருந்தும் இரண்டாவதை உட்காரவைக்க இடமில்லை. அடுத்த ஆண்டு சீகேட் அரை உயர டிரைவாக 20 எம்பி எஸ்டி-225ஐக் கொண்டுவந்தது. ஒன்று இருந்த இடத்தில் இரண்டு உட்காரலாம் என்றாயிற்று.

இடமே வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. குவாண்டத்தின் துணை நிறுவனமான பிளஸ் டெவலப்மென்ட் 1985இல் விற்ற ஹார்ட்கார்டு, ஒரு எக்ஸ்பான்ஷன் கார்டின் மேலேயே 10 எம்பி டிஸ்கைப் பொருத்தியது. கார்டைச் செருகினால் போதும், கேபிள் கிடையாது. ஒரு அங்குலத் தடிமனுக்குள் அடங்கிய அதை ஜப்பானில் உற்பத்தி செய்தது மாட்சுஷிட்டா. உடனே நகல்கள் பெருகின. சாதாரண டிரைவைக் கார்டில் முடுக்கி அதே மாதிரி விற்றார்கள். அவை தடித்துப்போய்ப் பக்கத்து ஸ்லாட்டையும் மறைத்தன.

எழுத்து விஷயத்திலும் ஃப்ளாப்பி முந்திக்கொண்டது. டிரைவுக்கு எழுத்து வைக்கும் பழக்கம் 1960களின் ஐபிஎம் பெரிய கம்ப்யூட்டர்களில் தொடங்கி, கேரி கில்டாலின் சிபி/எம் ஆபரேட்டிங் சிஸ்டம் வழியாக டாஸுக்கு வந்தது. ஏ, பி இரண்டும் ஃப்ளாப்பிக்கு என்று ஒதுக்கிவிட்டதால் ஹார்ட் டிஸ்குக்கு சி. அப்படியானால் இரண்டாவது டிஸ்குக்கு டி என்பதுதானே நியாயம்? இங்கேதான் பலர் தலையில் கைவைத்தார்கள். டாஸ் முதலில் எல்லா டிஸ்குகளின் பிரைமரி பார்ட்டிஷன்களுக்கும் எழுத்துக் கொடுத்து முடித்த பிறகுதான் மற்ற பார்ட்டிஷன்களுக்கு வரும். ஒரே டிஸ்கை சி, டி என்று பிரித்து வைத்திருந்தவர் புதிதாக ஒன்றை மாட்டினால், புதியது டி ஆகிவிடும், பழைய டி நகர்ந்து இ ஆகிவிடும். நேற்றுவரை டியில் ஓடிய புரோகிராம் இன்று தன் ஃபைலைக் காணாமல் விழிக்கும். விண்டோஸ் எம்இ வரை இந்தத் தொல்லை நீடித்தது. புதிய டிஸ்கில் பிரைமரி பார்ட்டிஷனே போடாமல் எக்ஸ்டென்டட் மட்டும் போடுவதுதான் தெரிந்தவர்கள் செய்த உபாயம்.

அதே 1980களில் காம்பேக், வெஸ்டர்ன் டிஜிட்டல், கன்ட்ரோல் டேட்டா மூன்றும் சேர்ந்து ஐடிஇ முறையை உருவாக்கின. கன்ட்ரோலர் கார்டில் இருந்த மூளை டிரைவின் மேலேயே ஏறிவிட்டது. காம்பேக் ஐபிஎம் பிசியை நகலெடுத்து வளர்ந்த கம்பெனி என்பதை இங்கே மறக்கக் கூடாது. நகலெடுத்தவர் போட்ட பாதையில் பிறகு எல்லாரும் நடந்தார்கள். ஒரு சாம்பல் நிறப் பட்டைக் கேபிளில் இரண்டு டிரைவ் மாட்டலாம். ஆனால் கேபிளில் போகும் கட்டளை இரண்டு காதிலும் விழும். யாருக்குச் சொல்கிறது என்று தெரிய வேண்டுமே. அதற்குத்தான் ஜம்பர்.

டிரைவின் பின்பக்கம், கேபிள் செருகும் இடத்துக்கும் பவர் செருகும் இடத்துக்கும் நடுவே சின்ன ஊசிகள் இரண்டு வரிசையாக நிற்கும். அரிசி மணியைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை எந்த ஜோடியில் மாட்டுகிறோம் என்பதில்தான் மாஸ்டரா, ஸ்லேவா என்பது முடிவாகும். இரண்டையும் மாஸ்டராக விட்டால் பெரும்பாலும் குழப்பம்தான். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிரைவ்கள் பலவற்றில் தனியாக இருப்பதற்கு ஓர் அமைப்பு, துணையோடு மாஸ்டராக இருப்பதற்கு வேறோர் அமைப்பு. ஆகவே புதியதை மாட்டும்போது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பழையதன் ஜம்பரையும் மாற்ற வேண்டும். உண்மையில் மாஸ்டர் ஸ்லேவை ஆள்வதே இல்லை. இரண்டுக்கும் தனித்தனி மூளை உண்டு, பூஜ்யம், ஒன்று என்று எண் போட்டிருந்தாலே போதும்.

டிரைவும் சுருங்கிக்கொண்டே வந்தது. மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்கை 1983இல் முதலில் கொண்டுவந்தது அமெரிக்கா அல்ல, ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸில் இருந்த ரோடைம். எல்லாரும் அந்த அளவுக்கு மாறியதும் ரோடைம் காப்புரிமை வழக்குகளில் இறங்கியது. 1991இல் டிரைவ் செய்வதையே நிறுத்திவிட்டு, மற்றவர்களிடமிருந்து வரும் உரிமத் தொகையில் காலம் தள்ளியது. ஷூகார்ட்டின் சீகேட்டோ 1980களின் தொடக்கத்திலேயே தொழிற்சாலையை சிங்கப்பூருக்கும் பிறகு தாய்லாந்துக்கும் கொண்டுபோனது. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

அப்படி ஓரிடத்தில் குவிந்ததன் விலை 2011இல் தெரிந்தது. தாய்லாந்து வெள்ளத்தில் பாங் பா-இன் பகுதியிலிருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலை மூழ்கியது, மோட்டார் செய்த நிடெக்கின் ஆலைகளும் தப்பவில்லை. சில வாரங்களில் ஹார்ட் டிஸ்க் விலை பல இடங்களில் இரட்டிப்பானது. சென்னை ரிச்சி தெருவில் இன்னொரு டிஸ்க் வாங்க வந்தவர்களும் சாவ் பிரயா ஆற்று வெள்ளத்துக்குக் காசு கொடுத்தார்கள்.

அதற்குள் ஜம்பர் காலம் முடிந்திருந்தது. 2003இல் வந்த சாட்டா இணைப்பில் ஏழு முனை கொண்ட ஒல்லிக் கேபிள், ஒரு கேபிளுக்கு ஒரே டிரைவ். அடுத்து, சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி. 1991இல் சான்டிஸ்க் ஐபிஎம்முக்குக் கொடுத்தது 20 எம்பிதான். விலை இறங்க இருபதாண்டு ஆனது. இறங்கியதும் வீட்டுக்குள் வரிசை தலைகீழானது. புதிதாக வந்த எஸ்எஸ்டி சி டிரைவ் ஆகிவிட, பல ஆண்டு முதலிடத்தில் இருந்த ஹார்ட் டிஸ்க் படமும் பாட்டும் வைக்கும் டி டிரைவ் ஆனது.

இன்று 4 டிபி டிஸ்க் ஒன்றை மாட்டினால் விண்டோஸ் எம்பிஆரா, ஜிபிடியா என்று கேட்கும். எம்பிஆர் என்பது 10 எம்பி டிஸ்க் இருந்த 1983இல் டாஸ் 2.0 போட்ட பார்ட்டிஷன் அட்டவணை. அது 2 டிபிக்கு மேல் எண்ணாது. ஜிபிடியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எம்.2 எஸ்எஸ்டி வாங்கினால் ஃப்ளாப்பி விட்டுப்போன இடமும் தேவையில்லை, மதர்போர்டிலேயே படுத்துக்கொள்ளும். செருகுமுன் கையேட்டைப் புரட்டிவிடுங்கள். பல போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் நிரம்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். எவை என்று அதில் அட்டவணையாகவே போட்டிருப்பார்கள்.