மலேரியாக் குளிசை மூட்டு நோவுக்கு வந்த கதை

லூபஸ் நோயாளிகளுக்கு கிளினிக்கில் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் கொடுக்கிறார்கள். "இது மலேரியாக் குளிசையாச்சே, மாறித் தந்துட்டாங்களோ?" என்று பயந்து சிலர் நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த வரலாறு.

1894இல் லண்டன் வைத்தியர் பெயின், மலேரியா மருந்தான குயினைனை லூபஸ் தோல் நோய்க்குக் கொடுத்துப் பார்த்தார். இரண்டாம் உலகப் போரில் படையினர் இலட்சக்கணக்கில் மெப்பக்ரின் என்ற மலேரியாக் குளிசை விழுங்கினார்கள். 1951இல் வைத்தியர் பேஜ் அதையே 18 லூபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்தார். பலருக்குத் தோல் தேறியது. மூட்டுவாதமும் இருந்தவர்களுக்கு அதுவும் குறைந்தது. 1955இல் அமெரிக்கா ஹைட்ரொக்சிகுளோரோகுயினை அனுமதித்தது.

அதே காலத்தில் வந்த ஸ்டீரொய்ட் மூட்டு வீக்கத்தைச் சட்டென்று அடக்கும். ஆனால் நீண்டகாலம் எடுத்தால் எலும்பைப் பலவீனமாக்கும். அந்த ஸ்டீரொய்டின் அளவைக் குறைக்கத்தான் இந்தக் குளிசை உதவுகிறது. பலன் தெரியச் சில மாதங்கள் செல்லும். அதற்கும் நோ அடங்காவிட்டால் மெத்தோட்ரெக்ஸேட் போன்றவை சேர்ப்பார்கள்.

இது நீண்டகாலத்தில் விழித்திரையைப் பாதிக்கலாம். அதனால் கண் பரிசோதனையைத் தவற விடாதீர்கள். ஸ்டீரொய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. சந்தேகம் வந்தால் குளிசையை நிறுத்தாமல், முதலில் டொக்டரிடம் கேளுங்கள்.