வரி வாக்குறுதியும் அமெரிக்கப் பழமைவாதிகளும்

அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் பழமைவாதிகள் அதிபர் வேட்பாளரிடம் முக்கியமாக எதிர்பார்ப்பவை இரண்டு: வரிக் குறைப்பு, அரசுச் செலவில் சிக்கனம்.

இவை எப்போதும் சேர்ந்து வருவதில்லை என்பதை நாம் ரீகன் ஆட்சியில் காண்கிறோம். வருமான வரியின் உச்ச விகிதம் 70 சதவீதத்திலிருந்து 28 சதவீதமானது. ஆனால் இராணுவச் செலவு பெருகியது. நாட்டின் கடன் ஏறக்குறைய மூன்று மடங்கானது.

புதிய வரி போடமாட்டேன் என்று 1988இல் வாக்களித்து வென்ற மூத்த ஜார்ஜ் புஷ், பற்றாக்குறையைக் குறைக்க 1990இல் வரியை உயர்த்தச் சம்மதித்தார். 1992இல் சொந்தக் கட்சியிலேயே பேட் புக்கானன் அவரை எதிர்த்துக் களமிறங்கினார். வேட்பாளராக மீண்டும் தேர்வான புஷ், பொதுத்தேர்தலில் பில் கிளிண்டனிடம் தோற்றார்.

வரியைக் குறைப்பேன் என்பவரிடம், எந்தச் செலவைக் குறைப்பீர்கள் என்றும் நாம் கேட்க வேண்டும். இல்லையேல் கடன் பிள்ளைகள் தலையில்தான் விழும்.