செரிமானப் பாதையின் திசுவியல்

உணவுக்குழாய் முதல் மலக்குடல் வரை செரிமானப் பாதையின் சுவர் நான்கு அடுக்குகளால் ஆனது. உள்ளே சளிச்சவ்வு, அதன் அடியில் குருதிக்குழல்களும் நரம்புகளும் ஓடும் இணைப்புத்திசு, அடுத்துத் தசை, வெளியே உறை. அடுக்குகளின் வரிசை மாறாது. இடத்துக்கு இடம் மாறுவது சளிச்சவ்வுதான். உணவுக்குழாயில் உராய்வைத் தாங்கும் பலவடுக்குத் தட்டைச் செல்கள் இருக்கின்றன. இரைப்பையில் அமிலமும் நொதியும் சுரக்கும் ஆழமான குழாய்ச் சுரப்பிகள், சிறுகுடலில் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள குடலுறிஞ்சிகள் உள்ளன. பெருங்குடலில் உறிஞ்சிகளே இல்லை. சுரப்புக்குழிகள் மட்டும் உண்டு. பாடநூல்கள் இவ்வளவையும் ஒரே படத்தில் காட்டுவதால், நல்ல நுண்ணோக்கி வந்ததும் எல்லாம் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. திசுவை எப்போது எடுத்தார்கள், எதில் ஊறவைத்தார்கள், எந்தச் சாயத்தை ஏற்றினார்கள் என்பவற்றைப் பொறுத்தே குடற்சுவர் தன்னைக் காட்டியது.

தொடக்ககாலக் கண்டுபிடிப்புகளிலேயே இது தெரிகிறது. சுவிட்சர்லாந்தின் யோகான் கொன்ராட் பையர் 1677இல் பின்சிறுகுடலின் நிணநீர்த் திட்டுகளை விவரித்தார். அவை வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை. உறிஞ்சிகளுக்கு இடையிலுள்ள சுரப்புக்குழிகளை உடற்கூறியலாளர் மால்பிகி முன்னரே கண்டிருந்தும், அவை யோகான் நத்தானியேல் லீபர்கூனின் பெயரையே தாங்கி நிற்கின்றன. லீபர்கூன் 1745இல் லைடனில் உறிஞ்சிகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். அவர் தாமே வில்லை தேய்க்கத் தெரிந்தவர். ஆனால் உறிஞ்சிக்குள் ஓடும் நுண்குழல்களை அவருக்குக் காட்டியது, குருதிக்குழல்களில் நிறமூட்டிய மெழுகுக் கலவையைச் செலுத்தும் கைத்திறன். அரை நூற்றாண்டு கழித்து வந்த பிஷா நுண்ணோக்கியை நம்பவே இல்லை. உறுப்புகளை வேகவைத்தும் உலர்த்தியும் அமிலத்தில் இட்டும் பார்த்து, உடலில் 21 வகைத் திசுக்கள் உண்டு என்று 1801இல் எழுதினார். திசுவியலின் தந்தை எனப்படுபவர் வில்லையே இல்லாமல் அந்தப் பெயரைப் பெற்றார் என்பது வேடிக்கைதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. லிஸ்டர் 1830இல் நிறப்பிழை நீங்கிய வில்லைகளுக்கு வழிகாட்டிய பிறகுதானே செல்லே தெளிவாகத் தெரிந்தது? உண்மைதான். 1950இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி செய்ததும் அத்தகையதே. உறிஞ்சியின் மேற்பரப்பில் வெறும் கோடுகளாகத் தெரிந்தவை விரல்போன்ற நுண்நீட்சிகள் என்று கிரேஞ்சரும் பேக்கரும் அப்போது காட்டினர். ஆனால் ஒளி நுண்ணோக்கி தன் எல்லையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நெருங்கிவிட்டது. அதன் பிறகும் ஒரு நூற்றாண்டு காலம் அதே கருவியில் புதிய செல்கள் தென்பட்டுக்கொண்டே இருந்தன என்றால், அந்தப் புதுமை வில்லையிலிருந்து வந்திருக்க முடியாது.

வழக்கமான ஹிமட்டாக்சிலின்–ஈயோசின் சாயம் ஏற்றிய முன்சிறுகுடல் சீவலைப் பாருங்கள். உட்கருக்கள் நீலம், மற்றவை இளஞ்சிவப்பு. சளி சுரக்கும் கோப்பைச் செல்களோ வரிசை நடுவே வெளிறிய ஓட்டைகளாக நிற்கும். சளி இந்தச் சாயத்தைச் சரியாகப் பற்றுவதில்லை. அதே கட்டியிலிருந்து அடுத்த சீவலை எடுத்துப் பி.ஏ.எஸ். சாயம் ஏற்றினால் அந்த ஓட்டைகள் கருஞ்சிவப்பில் பளீரென எழும். ஹைடன்ஹைன் 1870இல் டைகுரோமேட்டில் மஞ்சளாக மாறும் சில செல்களை இரைப்பையில் கண்டார். மாசோன் 1914இல் அவற்றின் இனத்தைச் சேர்ந்த குடற்செல்களை வெள்ளி உப்பால் கறுக்கச் செய்து, அவை குடலெங்கும் சிதறிக் கிடக்கும் ஒரு நாளமில்லாச் சுரப்பி என்றார். அச்செல்களிலிருந்து எர்ஸ்பமெர் பிரித்தெடுத்த பொருள் செரட்டோனின்தான் என்பது 1952இல் உறுதியானது. உடலின் செரட்டோனினில் பெரும்பகுதி குடலில் இருக்கிறது என்ற செய்தி ஒரு சாய வினையிலிருந்து தொடங்கியது.

மிக வலுவான சான்று இரைப்பைக் கிருமியின் கதை. அறுவையில் அகற்றிய மனித இரைப்பைகளை 1940இல் ஃப்ரீட்பர்க்கும் பாரனும் வெள்ளிச் சாயத்தில் பார்த்து, மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் சுருள் நுண்ணுயிர்கள் இருப்பதாக எழுதினர். பால்மர் 1954இல் 1,180 திசுத்துண்டுகளை ஆராய்ந்து ஒன்றிலும் காணவில்லை என்றார். அவர் பயன்படுத்தியது ஹிமட்டாக்சிலின்–ஈயோசின் மட்டுமே. எண்ணிக்கை பெரிதாக இருந்ததால் அவர் முடிவே நின்றது. அமிலத்தில் கிருமி வாழாது என்பது பாடமாயிற்று. பெர்த் நகரில் ராபின் வாரன் 1979இல் ஒரு சீவலில் மங்கிய நீலக் கோட்டைக் கண்டு சந்தேகப்பட்டார்; வெள்ளிச் சாயம் ஏற்றியதும் கிருமிகள் கூட்டமாகத் தெரிந்தன. 2005இல் அவருக்கும் அவருடன் சேர்ந்து ஆராய்ந்த மார்ஷலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வாரனின் கூர்மை சாயத்தைவிட முக்கியம் அல்லவா என்று கேட்கலாம். சந்தேகம் அவருடையது; அதைச் சான்றாக்கியது வெள்ளி. தவறான சாயத்தோடு ஆயிரம் துண்டுகளைப் பார்த்தாலும் பயனில்லை என்பதற்குப் பால்மரே சாட்சி.

சாயம்தான் காட்டுகிறது என்றால் சாயம் பொய்யும் காட்டலாமே என்பது அடுத்த மறுப்பு. குடல் தசைக்குள் நரம்பியலாளர் காஹல் சாயம் ஏற்றிக் கண்ட கிளைத்த செல்களைப் பற்றி அந்தச் சந்தேகம் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. அவர் அவற்றை எளிய நரம்புச் செல்கள் என்றார். மற்றவர்கள் வெறும் இணைப்புத்திசு என்று ஒதுக்கினர். 1990களில், அச்செல்கள் தாங்கும் கிட் என்னும் புரதத்தை ஒட்டும் எதிர்ப்பொருள் அதே வலையைக் காட்டியது. அந்த வலை குறைந்த எலிகளின் சிறுகுடலில் அசைவுக்கான மின்னலைகள் எழவில்லை. தொடர்பில்லாத இரு முறைகளும் செயலின் சோதனையும் ஒரே விடையைத் தந்தால் அது பொய்த்தோற்றம் அன்று.

திசு யாருடையது என்பதும் முக்கியம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் மத்தானும் குடலின் உறிஞ்சும் திறனைக் குலைக்கும் ஸ்புரூ நோயை ஆராய்ந்தபோது, நலமாக இருக்கும் தென்னிந்தியர்களின் உறிஞ்சிகளே இலை வடிவிலும் நாக்கு வடிவிலும் இருந்தன. ஐரோப்பிய நூலின் விரல் வடிவத்தை அளவுகோலாக வைத்தால் ஊரில் பாதிப்பேர் நோயாளிகள். பரப்பளவின் கணக்கும் இப்படியே. 2014இல் ஹெலண்டரும் ஃபான்ட்ரிக்சும் உயிருள்ளோரிடம் எடுத்த திசுத்துண்டுகளையும் அளவுகளையும் கொண்டு செரிமானப் பாதையின் உட்பரப்பு சுமார் 32 சதுர மீட்டர் என்று கணக்கிட்டனர். டென்னிஸ் மைதானம் அளவு, அதாவது 260 சதுர மீட்டர் என்ற பழைய கூற்றைப் பாடநூல் எழுதுவோர் இனியாவது நீக்க வேண்டும்.